நாற்காலியோடு வந்த எண்

உட்கார்ந்திருக்கும்போதும் அவர் எழுந்துவிடப் போகிறவரைப்போலவே தோன்றுவார்: நாற்காலியின் முன்விளிம்பில் உடல், தரையில் பாவாத ஒரு குதிகால், அந்தக் காலில் ஓயாத ஆட்டம். பொன்மலை ரயில்வேப் பணிமனையின் பண்டகப் பிரிவில் அவர் அலுவலகக் கண்காணிப்பாளர். அவருக்கு எதிர்மேசையில் எட்டாண்டுக் காலம் நான் பணியாற்றினேன். அந்த எட்டாண்டுகளில் அவர் பார்த்த கோப்புகளில் பெரும்பாலானவை இரும்பு அலமாரியின் தலைமேல் விரிக்கப்பட்டு, நின்றவாறே குறிப்பெழுதப்பட்டவை. ஒரு கோப்பு முடிந்தால் சன்னல்வரை ஒரு நடை. மறு கோப்பு முடிந்தால் தண்ணீர்ப்பானைவரை ஒரு நடை. கோடையில் மின்விசிறி நின்றுபோகும் வேளைகளில், அவர் நடப்பதால் எழும் காற்றே போதும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

எங்களில் யார் புதிதாக எந்தக் கருவியை வாங்கினாலும் அவர் பார்வைக்கு அது வந்தாக வேண்டும். நாங்களாகக் காட்டாவிட்டால் அவரே தேடி வந்துவிடுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிற நான், ஒரு தீபாவளியை ஒட்டிப் புதுக் கைப்பேசி வாங்கினேன். அவருக்கு அஞ்சி அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அழைப்பொலி மாறியிருப்பதை முதல் அழைப்பிலேயே கண்டுகொண்டு என் மேசையருகே வந்து நின்றார்.

“எடுங்க மேடம், பாப்போம்.”

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் புரட்டினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“இதை ஏன் வாங்கினீங்க?”

“கடையில நல்லாருக்குன்னு சொன்னாங்க சார்.”

“விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்? பின்னாடி பாருங்க, நாலு கேமரா. உங்களுக்குக் கண்ணே ரெண்டுதான்.”

தட்டச்சுப் பிரிவில் ஒருவர் அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி வாங்கி, இனிப்பும் கொண்டுவந்தார். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே இவர் கேட்டார்: “உங்க ஹால் எத்தன அடிங்க?” அவர் பத்தடி என்றார். “அப்ப நீங்க டிவி பாக்கப் போறதில்ல. டிவிதான் உங்களப் பாக்கப் போகுது.” இனிப்புக் கொடுத்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இவருக்கோ அது தெரியவேயில்லை. அதற்குள் சன்னலருகே போயிருந்தார்.

பிறருக்கு இவ்வளவு சொன்னவர் தாம் வாங்காதவரல்லர். ஆறு மாதத்துக்கொரு கைப்பேசி வாங்குவார், பழையதை விற்றுவிடுவார். எந்தக் கைப்பேசிக்கும் உறை போட்டதில்லை, கண்ணாடியின்மேல் காப்புத்தாள் ஒட்டியதில்லை. விற்கப்போகிற பொருளைக் கீறலின்றி வைத்திருந்தால்தானே நல்லது என்று கேட்டேன்.

“உறை போட்டோம்னா, நம்மளுதுங்கிற நெனப்பு வந்துடும் மேடம். அப்புறம் விடறது கஷ்டம்.”

நம்முடையது என்ற நினைப்பின்மேல் அவருக்கு ஏன் அத்தனை ஒவ்வாமை என்று நான் அப்போது ஆராயவில்லை. இடத்தை அடைக்கும் எதையும் அவர் வைத்துக்கொள்வதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “எங்க குடித்தனத்தை ரெண்டு பெட்டியில அடக்கிடலாம்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை. ஒருகாலத்தில் ஆசையாகச் சேர்த்த கணினி விளையாட்டுக் குறுந்தகடுகளை, ஓர் அலமாரி நிறைய இருந்தவற்றை, ஒரே பிற்பகலில் ஊழியர் மனமகிழ் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டு, அவற்றில் தமக்குப் பிடித்தவற்றை இணையத்தில் மீண்டும் வாங்கிக்கொண்டவர் அவர். கொடுத்ததையே இரண்டாம் முறை வாங்குவது அவருக்குப் பித்தாகத் தோன்றவில்லை. பாரம் குறைந்தது என்றார்.

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் இதைப் பொறுக்கமாட்டார். அவரும் விளையாட்டுப் பிரியர். குறுந்தகடுகளை உறை கலையாமல் அடுக்கி வைப்பவர். உணவு இடைவேளைகளில் இருவருக்கும் வழக்கு மூளும்.

“சார், டிஜிட்டல்ல வாங்கறது வாங்கறதே இல்ல சார். கம்பெனிக்காரன் நெனச்சா ஒரே நாள்ல தூக்கிடுவான். டிஸ்க்குன்னா நம்ம கையில இருக்கும்.”

“எதுப்பா நம்ம கையில இருக்கு? குவார்ட்டர்ஸ் நம்மளுதா? இந்த நாற்காலி நம்மளுதா? இருக்கற வரைக்கும் விளையாடு, போயிட்டே இரு.”

“அப்ப நாம குடுத்த காசு?”

“சினிமாவுக்குக் காசு குடுத்துட்டு, வரும்போது சீட்டைப் பேத்து எடுத்துட்டா வருவ?”

இளைஞர் சிரித்துவிட்டாலும் விடமாட்டார். காசு கொடுத்துக் கூடுதல் ஆற்றல் வாங்கும் விளையாட்டுகளைப் பற்றிக் கேட்பார். அதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. “விளையாடக் காசு குடுக்கலாம். ஜெயிக்கக் காசு குடுக்கக் கூடாது” என்பார் இவர், எழுந்து நடந்துகொண்டே.

நாள்தோறும் ஒரே ஒரு வேளையில் அவர் காலாட்டம் நிற்கும். பணிமனைச் சங்கு ஊதி, மிதிவண்டிகளும் இருசக்கர வண்டிகளும் வாயிலில் நெருக்கியடித்து வெளியேறிய பிறகு, வண்டி நிறுத்துமிடத்து வாதாமரத்தின்மேல் முதுகைச் சாய்த்து, ஆறு மணிக்குக் கைப்பேசியை எடுப்பார். கேரம். ஓர் ஆட்டம், ஒன்றேதான். முடிந்ததும் கைப்பேசி சட்டைப்பைக்குள் போகும், கால் மீண்டும் ஆடத் தொடங்கும், வண்டி கிளம்பும். என் பேருந்து தாமதமான ஒரு மாலையில் அருகில் நின்று பார்த்தேன். திரையில் அவர் முறை வந்தவுடன், காயைப் பார்த்தாரோ இல்லையோ என்று ஐயுறும்படி, விரல் பட்டென்று இழுத்துவிடும். ஒவ்வோர் அடிக்கும் இவ்வளவு நேரம் என்று காட்ட ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். அவர் அடிக்கும்போது அது கால்வாசிகூடச் சுருங்கியிருக்காது.

“இவ்வளவு அவசரமா அடிக்கறீங்களே சார், குறி பாக்க வேணாமா?”

“குறி பாத்தா தப்பிடும் மேடம்.”

“எதிர்ல ஆடறது யாரு?”

“யாரோ ஒருத்தர்.” சற்று நிறுத்தித் தொடர்ந்தார்: “எடுத்த எடுப்புல ரெட் காயைப் போடணும்னு நிப்பாரு. போட்டுட்டு ஃபாலோ வராம முழிப்பாரு. பத்து வருஷமா இதே கதைதான், திருந்தல.”

சிவப்புக் காயை வீழ்த்தியவர் அடுத்த அடியில் தமக்குரிய காயொன்றையும் வீழ்த்தினால்தான் சிவப்பு அவருக்குச் சேரும். அந்த இரண்டாம் காய்க்குத்தான் ஃபாலோ என்று பெயர். வீழ்த்தத் தவறினால் சிவப்பு மீண்டும் பலகையின் நடுவுக்கு வந்துவிடும். இவ்வளவும் எனக்கு அவர் விளக்கித்தான் தெரியும். ஆறு மாதத்துக்கொரு கைப்பேசியை விடுகிறவர் யாரோ ஒருத்தரோடு பத்தாண்டு ஆடியிருக்கிறாரே என்று நான் அன்று வியந்திருக்க வேண்டும். என் பேருந்து வந்துவிட்டது.

அவர் ஓய்வுபெற்றார். மாலையும் பரிசுமாக நடந்த பிரிவுபசாரத்துக்கு அவர் மனைவியும் வந்திருந்தார். இவர் ஏற்புரையில் வழக்கம்போல் இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொன்னபோது, அந்த அம்மையார் என் பக்கம் சாய்ந்து, “கிரைண்டரை எந்தப் பெட்டியில வெச்சாங்கன்னு கேளுங்க மேடம்” என்றார். குடியிருப்பைக் காலி செய்து மன்னார்புரத்தில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்குப் போனார்கள். அவருடைய நாற்காலிக்கு நான் உயர்ந்தேன்.

எங்கள் பணிமனையில் நாற்காலியோடு ஒரு கைப்பேசி எண்ணும் வரும். அந்த எண் ஆளுக்குரியதன்று, பதவிக்குரியது. ஆள் மாறலாம், எண் மாறாது. ஓய்வுபெறும் நாளில் சாவிக்கொத்தோடு சிம் அட்டையையும் ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் தமக்கென்று வேறோர் எண்ணும் வைத்திருப்பார்கள். இவர் வைத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு நம்பர் எதுக்கு? அதுவும் ஒரு சுமைதானே” என்று, பதவி உயர்ந்த நாளிலிருந்து வங்கி, எரிவாயு, தாம் வாங்கிய விளையாட்டுகள், படங்கள் யாவற்றையும் அந்த ஒரே எண்ணில் கட்டி வைத்திருந்தார். எதுவும் நம்முடையதன்று என்று எல்லாருக்கும் சொல்லித்தந்தவர், அந்த எண்ணை மட்டும் தம்முடையதென்று நம்பிவிட்டார்.

முதல் மாதம் முழுதும் அழைப்புகள். ஒவ்வொரு கணக்கையும் புது எண்ணுக்கு மாற்றும்போது பழைய எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். அதை நான் படித்துச் சொல்ல வேண்டும்.

“மேடம், இப்ப ஒரு ஓடிபி வரும் பாருங்க.”

“வந்துடுச்சு சார்.” ஆறு இலக்கங்களையும் சொல்வேன். வைத்துவிடுவார். நலம் கேட்கும் வழக்கமெல்லாம் இல்லை.

எல்லாம் மாறின, கேரம் மாறவில்லை. அது ஒரு பழைய செயலி; அதில் எண்தான் கணக்கு; எண்ணை மாற்ற வழியே வைக்கவில்லை. ஆகவே அவர் கைப்பேசியை மாற்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு அழைப்பு வரும். அத்தோடு, அவருக்குரிய பல செய்திகளும் என்னைத் தேடி வந்தன. கண்ணாடிக் கடையொன்று மாதந்தோறும் அவர் கண்களைச் சோதித்துக்கொள்ளுமாறு என்னை வேண்டியது. அவர் பிறந்தநாளுக்குத் துணிக்கடைகள் என்னை வாழ்த்தின. இன்னொருவர் நிழலை என் பையில் வைத்துக்கொண்டு திரிவதுபோல் எனக்கொரு நிம்மதியின்மை இருந்துகொண்டேயிருந்தது.

ஓராண்டு கழிந்திருக்கும். இணைய மோசடிகளைப் பற்றி எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. அலுவலக எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லை யாருக்கு, எக்காரணம் பற்றிச் சொன்னாலும் சொன்னவரே பொறுப்பு என்று முடிவில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எதையும் இருமுறை படித்தே கையெழுத்திடுபவள் நான். அதையும் இருமுறை படித்துக் கையெழுத்திட்டேன். அந்த வாரத்திலேயே, மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் அழைத்தார். புதுக் கைப்பேசி வாங்கியிருந்தார்.

“ஒரே ஒரு ஓடிபி மேடம். சீக்கிரம், ஆறாகப் போகுது.”

“சார்… இனிமே சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க சார்.”

சிரித்தார். “நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். அதான் சங்கடமா இருக்கு.”

“கேரம் மேடம். பேங்க் இல்ல.”

“எதுவா இருந்தாலும் கூடாதுன்னு…”

அவர் நடந்துகொண்டிருப்பது செருப்பொலியில் தெரிந்தது. பிறகு அது நின்றது.

“சரிங்க மேடம். விளையாட்டுதானே.”

மறுநாள் ஐந்து ஐம்பதுக்கு என் கைப்பேசியில் ஆறு இலக்கங்கள் வந்து விழுந்தன. அவர் அழைக்கவில்லை. அடுத்த நாளும் விழுந்தன. மூன்றாம் நாளும். நான் மனம் மாறி அழைத்துச் சொல்லிவிட மாட்டேனா என்று அந்தப் பக்கம் காத்திருக்கிறார் என்பது புரிந்தது, புரிந்தும் சொல்லவில்லை. நான்காம் நாள் இலக்கங்கள் வரவில்லை. வராதது வந்ததைக் காட்டிலும் வருத்தியது. அன்றிலிருந்து மாலை ஆறு நெருங்கினால் என் கை தானாகவே கைப்பேசியைத் தேடும். ஒன்றும் இராது. விதிப்படி நடந்துகொண்டவள் எதற்காக இப்படித் தவிக்க வேண்டும் என்று என்னையே கடிந்துகொண்டு பேருந்தேறுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தாயார் சந்நிதியில் தரிசனம் முடித்துத் திரும்பிய அவர் மனைவியை ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் கண்டேன்.

“சார் எப்படி இருக்காருங்க?”

“இருக்காங்க. அஞ்சே முக்கால் ஆனா ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பிச்சுடறாங்க. ஆறரை வரைக்கும் நடைதான். கேட்டா, ஒண்ணுமில்ல, செரிமானத்துக்குன்னு சொல்றாங்க. சாப்பிட்டாத்தானே மேடம் செரிக்கறதுக்கு?”

“அந்தக் கேரம் கேம் போனதுல வருத்தமா இருப்பாரோ?”

அந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேமா? அது அவங்க அண்ணன் மேடம்.”

கடையோரம் ஒதுங்கி நின்று அவர் சொன்னது இது. மண்ணச்சநல்லூரில் அவர்களுக்குச் சொந்தமாக ஓர் அரிசி ஆலை. அதை நடத்திவந்தவர் அண்ணன். தாய் இறந்த பிறகு வீட்டையும் ஆலையையும் பிரிப்பதற்கு உட்கார்ந்தபோது, இவர் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றிருக்கிறார். மெய்யாகவே வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில், சிறுவயதில் இருவரும் ஆடிய கேரம் பலகையையாவது எடுத்துப் போகச் சொன்னார்.

“இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ‘குவார்ட்டர்ஸ்ல இடமில்லண்ணே, கேரம் இப்ப போன்லயே வந்துடுச்சு’ன்னுட்டாங்க. இவங்க பெருந்தன்மையா நெனச்சுத்தான் சொன்னாங்க. அவங்களுக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ‘நம்ம வீட்டுப் பொருளெல்லாம் உனக்குக் குப்பையாடா?’ன்னாங்க. அன்னிக்கு நின்ன பேச்சு.”

பேச்சு நின்ற சில மாதங்களில் அண்ணனும் அதே செயலியைத் தம் கைப்பேசியில் போட்டிருக்கிறார். தொடர்புப் பட்டியலில் எந்தெந்த எண்கள் உள்ளனவோ அவற்றுக்குரியவர்களைத் தானாகவே நண்பர்களாக்கிவிடுவது அதன் வழக்கம். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் அழிக்கவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை, ஆட்டம் தொடங்கிவிட்டது. நாள்தோறும் ஆறு மணிக்கு, ஒரு சொல்கூட இல்லாமல், பதினோராண்டு.

“புது நம்பரை அண்ணனுக்கு அனுப்பிச்சா முடிஞ்சுது மேடம். அதைச் செய்ய மாட்டேங்கறாங்க. ‘நானாப் போயி நிக்கணுமா? அவரு ஒரு வார்த்தை கேக்கட்டுமே’ங்கறாங்க. நான் அனுப்பறேன்னா, அனுப்பினா உன்னோடயும் பேச மாட்டேங்கறாங்க. அங்க அவங்க என்ன நெனச்சிருப்பாங்க? தம்பி ஆட்டத்தையும் விட்டுட்டான்னுதானே?”

தாம் கேட்ட கடவுச்சொல்லை நான் மறுத்தேன் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அந்தப் பேச்சிலிருந்து எனக்குத் தெரிந்தது. அது எனக்கு இன்னும் கனமாயிற்று.

திங்கட்கிழமை மாலை எல்லாரும் போனபின் அந்தச் செயலியை என் கைப்பேசியில் இறக்கினேன். கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லக் கூடாது. எனக்கே வந்ததை நானே இடுவதற்குத் தடை எழுதப்பட்டிருக்கவில்லை. விதியின் எழுத்தைக் காத்துக்கொண்டே விதியைக் கடக்கும் இந்த வித்தை எனக்குப் பெருமையளிப்பதன்று. உள்ளே போய், எண்ணை மாற்ற வழி ஏதேனும் மறைந்து கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். எண்ணை இட்டேன், ஆறு இலக்கங்கள் வந்தன, இட்டதும் கதவு திறந்தது.

நண்பர் பட்டியலில் ஒருவரே இருந்தார். அவர் பெயருக்குக் கீழே ஆட்டத்துக்கு அழைத்த குறிப்புகள் வரிசையாக நின்றன, நாளுக்கொன்று, ஒவ்வொன்றும் ஆறு மணிக்கு. ஒருநாள்கூட விடுபடவில்லை. ஏற்பாரில்லாத அந்த அழைப்புகளை நான் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருக்கையிலேயே புதிதாக ஒன்று திரையை நிறைத்தது. மணி ஆறு. ஏற்பதா, மறுப்பதா என்று இரண்டு பொத்தான்கள். அவரை மறுத்ததுபோல் இவரையும் ஒருமுறை மறுக்க என் விரல் துணியவில்லை. ஏற்றேன்.

பலகை விரிந்தது. எதிர்த்தரப்புக்கே முதல் அடி. காய்கள் சிதறின, ஒன்று குழியில் விழுந்தது. இரண்டாம் அடியிலேயே சிவப்புக் காய் குழிக்குள் போயிற்று, ஃபாலோ தவறியது, சிவப்பு நடுவுக்கு மீண்டது. எனக்குச் சிரிப்பும் அச்சமும் ஒன்றாக வந்தன. என் முறை. ஸ்ட்ரைக்கரை எங்கே நிறுத்துவது, எந்தக் காயை நோக்குவது என்று எண்ணிக்கொண்டிருந்தபோதே வளையம் முழுதும் சுருங்கி, அடிக்காமலே முறை கைமாறியது. அடுத்த முறை அடித்தேன். எந்தக் காயிலும் படவில்லை. மூன்றாம் முறை, நெடுநேரம் குறிபார்த்து, வளையம் முடியும் கணத்தில் இழுத்துவிட்டேன். ஸ்ட்ரைக்கரே குழிக்குள் விழுந்தது.

அந்தப் பக்கம் அடிக்கவில்லை. அவருடைய வளையம் சுருங்கியது, சுருங்கியது, மறைந்தது. எதிராளி ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார் என்று ஒரு வரி வந்தது. உடனே அதே கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது.

எடுத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அந்தக் குரல் வந்துவிட்டது. வயதானது, ஆலை இரைச்சலில் பேசிப் பழகிய உரத்த குரல்.

“தம்பி, கைக்கு என்னடா ஆச்சு?”

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“பேசுடா. வாயும் வரலையா?”

“ஐயா… நான் அவரு ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க.”

“அவன் இல்லையா?” அந்தக் குரல் ஒரே மூச்சில் தாழ்ந்துவிட்டது.

“ஐயோ, இருக்காருங்க! நல்லா இருக்காருங்க. ரிட்டயர் ஆயிட்டாருங்க. நம்பர் என்கிட்ட வந்துடுச்சு. தெரியாம நான் ஆடிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. “பதினோரு வருஷத்துல அவன் ஒரு அடிக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லம்மா. பக்கவாதம்னே நெனச்சுட்டேன்.” பிறகு அதட்டலாக: “எங்க இருக்கான் இப்ப?”

மன்னார்புரம் என்றேன், தெருவையும் வீட்டின் அடையாளத்தையும் சொன்னேன். அவ்வளவுதான், நன்றியுமில்லை, விடையுமில்லை, இணைப்பு அறுந்தது. தம்பிக்கு வைத்திருந்த முதற்சொல் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பதினோராண்டு இருவரும் யார் முதலில் என்று காத்திருந்த அந்தச் சொல்லை, தொடர்பில்லாத நான் காதில் வாங்கிக்கொண்டேன் என்ற உறுத்தலோடு வீடு போனேன். அவரை அழைத்து நடந்ததைச் சொல்லிவிட இருமுறை கைப்பேசியை எடுத்தேன், இருமுறையும் வைத்துவிட்டேன்.

மறுநாள் முற்பகல் பதினொரு மணி. அவர் எண் திரையில் ஒளிர்ந்தபோது கோப்பை மூடிவிட்டு, ஏனோ எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன்.

“ஸ்ட்ரைக்கரையே குழியில போட்டீங்களாமே மேடம்?”

“சார்…”

“பழகாதவங்களுக்கு டச் ஸ்க்ரீன்ல கேரம் வராது. கையில ஆடறது வேற, இது வேற. முதல்ல கம்ப்யூட்டரோட ஆடிப் பழகியிருக்கணும் நீங்க.”

“உங்க கணக்குக்குள்ள போனது தப்புதான் சார்.”

“அது எங்க என் கணக்கு? நாற்காலியோடது.” சற்றுத் தணிந்து சொன்னார்: “அண்ணன் வந்திருக்காரு. சும்மா வரல. அந்த நாலடிப் பலகையை அரிசிச் சாக்குல சுத்தி, மில்லு வேன்ல ஏத்திட்டு வந்து, நடு ஹால்ல எறக்கிட்டாரு. சோஃபாவை வெளில தூக்கிப் போட்டாச்சு. கதவைத் தொறக்க முடியல. ஒரே இடத்தை அடைக்குது மேடம்.”

“திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்களேன் சார்” என்றேன், அவர் பாணியிலேயே.

அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், அண்ணன் போன் பண்ணாராமே. நான்னு நெனச்சுத்தானே பேசினாரு? முதல்ல என்ன கேட்டாரு?”

படித்துச் சொல்லிப் பழகிய அதே குரலில், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

“‘தம்பி, கைக்கு என்னடா ஆச்சு’ன்னு கேட்டாருங்க சார்.”

அவர் செருப்பொலி நின்றுவிட்டது. பின்னாலிருந்து அந்த உரத்த குரல் எழுந்தது: “போனை வெச்சுட்டு வாடா. உன் ஆட்டம்.”

“வரேண்ணே.”

கைப்பேசியை எங்கோ வைத்தார். இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். நான் துண்டித்திருக்கலாம். நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டு நின்றது. யாரோ அதில் உட்கார்ந்தார்கள். பலகையில் மாவு தேய்க்கும் ஓசை. மூன்று எண்ணினேன், ஏழு எண்ணினேன், அடி விழவில்லை.

“என்னடா இவ்வளவு நேரம்?”

“இருண்ணே. குறி பாக்கறேன்.”

காய் விழுந்ததா என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கில்லை. இணைப்பைத் துண்டித்தேன்.